மரபு ரிகர்வ் வில்லுக்கு எந்த விறைப்பில் அம்பு? தேர்வு முதல் சரிபார்ப்பு வரை

ரிகர்வ் வில்லும் (நுனிகள் முன்னே வளைந்த வில்) நன்றாக இருக்கிறது, இழுப்பும் நிதானமாக இருக்கிறது, ஆனாலும் அம்பு வாலை ஆட்டிக்கொண்டே போய் இலக்கில் சாய்ந்து குத்தி நிற்கிறது. இந்தக் குறைக்குப் பெரும்பாலும் காரணம் அம்புத்தண்டின் விறைப்புதான். வில்லாளிகள் இதை ஸ்பைன் என்பார்கள். தண்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து ஒரு டஜன் வாங்கிவிட்டு, அதற்கேற்பத் தன் கையைத் திருத்திக்கொள்ள முயல்பவர்கள் நிறையப் பேர். திருத்த வேண்டியது அம்பை.

எங்கள் பரிந்துரை இது: கணக்கில் வரும் விறைப்புக்குச் சற்றே தளர்வான தண்டை முழு நீளத்தில் இரண்டு மூன்று மட்டும் வாங்குங்கள். இறகு ஒட்டாமல் எய்து பார்த்து, நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துச் சரிசெய்யுங்கள். தளர்வான தண்டை வெட்டி விறைப்பாக்க முடியும். விறைப்பான தண்டைத் தளர்த்த முனையில் எடை ஏற்றுவதைத் தவிர அதிக வழியில்லை, அதற்கும் எல்லை உண்டு.

வளைய வேண்டிய அளவுக்கு வளைய வேண்டும்

விரலால் விடும் நாண் நேர்கோட்டில் முன்னே போவதில்லை. விரல் நுனிகளில் உருண்டு நழுவுவதால், வலக்கையால் இழுப்பவருக்கு அது முதலில் இடப்பக்கம் விலகி, பிறகுதான் நடுவுக்கு வருகிறது. அம்பின் பின்நுனி அதனோடு தள்ளப்படுகிறது. முன்னால் இருக்கும் முனையோ தன் எடையால் அசையத் தயங்குகிறது. இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட தண்டு வளைகிறது, எதிர்ப்பக்கம் திரும்பி வளைகிறது, இலக்கை நோக்கி மீனைப் போல நெளிந்துகொண்டே போகிறது. 1930-களில் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகப் படங்கள் எடுத்தபோது இந்த நெளிவு கண்ணுக்குத் தெரிந்தது.

நெளிவின் வேகமும் அளவும் வில்லுக்குப் பொருந்தினால், அம்பின் பின்பாதி ரைசரை (வில்லின் கைப்பிடியுள்ள நடுப்பகுதி) கடக்கும் நொடியில் தண்டு வெளிப்பக்கம் விலகியிருக்கும். இறகு எதிலும் உரசாது. விறைப்பு அதிகமானால் தண்டு போதுமான அளவு வளையாது. ரைசரைச் சுற்றிப் போக முடியாமல், வலக்கை வில்லாளிக்கு இடப்பக்கம் போய் விழும். தளர்வு அதிகமானால் தேவைக்கு மேல் வளைந்து வலப்பக்கம் போகும். இடக்கையால் இழுப்பவர்கள் இந்தக் கட்டுரை முழுவதும் இடம் வலத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

தண்டில் உள்ள எண் சொல்வது

கார்பன், அலுமினியத் தண்டுகளுக்கு அளவீட்டு முறை ஒன்றே. 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் தண்டை வைத்து, நடுவில் 1.94 பவுண்டு, அதாவது 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். தண்டு எத்தனை அங்குலம் தாழ்கிறதோ அதுதான் எண். 0.500 அங்குலம் தாழ்ந்தால் 500, 0.600 அங்குலம் தாழ்ந்தால் 600. எனவே எண் கூடக்கூட விறைப்பு குறையும். புதிதாக வருபவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான்.

அலுமினியத் தண்டில் 1916, 2016 என்று நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் விட்டத்தை 64-இல் ஒரு பங்கு அங்குலங்களில் சொல்கிறது, கடைசி இரண்டு சுவரின் தடிமனை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலங்களில் சொல்கிறது. 1916 என்பது 19/64 அங்குல விட்டம், 0.016 அங்குலச் சுவர். இது விறைப்பு எண் அல்ல. 1816-இன் தாழ்வு சுமார் 0.756, 1916-க்கு 0.623, 2016-க்கு 0.531, 2117-க்கு 0.400 அங்குலம்.

மரத்தண்டுக்கு முறை வேறு. தாங்கிகளுக்கு இடையே 26 அங்குலம், எடை 2 பவுண்டு. 26-ஐத் தாழ்வால் வகுத்தால் வருவது பவுண்டு கணக்கிலான ஸ்பைன். 0.520 அங்குலம் தாழும் தண்டு 50 பவுண்டுத் தண்டு. கடைகளில் 45–50, 50–55 என ஐந்து பவுண்டு இடைவெளியில் பிரித்து விற்பார்கள். இங்கே எண் கூடினால் விறைப்பும் கூடும்.

ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, கார்பன் எண்ணின் தாழ்வை 0.825-ஆல் பெருக்கி, 26-ஐ அந்த விடையால் வகுக்க வேண்டும். 600-க்கு 0.600 × 0.825 = 0.495. 26 ÷ 0.495 = சுமார் 52 பவுண்டு. 500 கார்பன் 63 பவுண்டு மரத்துக்கும், 700 கார்பன் 45 பவுண்டு மரத்துக்கும், 800 கார்பன் 39 பவுண்டு மரத்துக்கும் ஈடாக வரும்.

வீட்டிலேயே அளக்க ஒரு பலகையும் இரண்டு ஆணிகளும் போதும். மரத்தண்டுக்கு ஆணிகளின் இடைவெளி 660 மில்லிமீட்டர், எடை 907 கிராம். தாழ்வை மில்லிமீட்டரில் அளந்து 660-ஐ அதனால் வகுத்தால் நேராகப் பவுண்டு கிடைக்கும். 13.2 மில்லிமீட்டர் தாழ்ந்தால் 50 பவுண்டு. கார்பனுக்கு இடைவெளி 711 மில்லிமீட்டர், எடை 880 கிராம். 15.2 மில்லிமீட்டர் தாழ்ந்தால் 600. தண்டைத் தாங்கிகள் மேல் உருட்டி நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரே தண்டில் பக்கத்துக்குப் பக்கம் வேறுபாடு தெரிவது சகஜம், மரத்தில் இன்னும் அதிகமாகவே தெரியும்.

இதெல்லாம் அசையாமல் கிடக்கும் தண்டின் விறைப்பு. வில்லில் ஏறிய பிறகு அதே தண்டு எப்படி நடந்துகொள்ளும் என்பதை நீளம், முனையின் எடை, நாண், ரைசரின் வெட்டு எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஒரே 600 தண்டு ஒருவர் வில்லில் விறைப்பாகவும் இன்னொருவர் வில்லில் தளர்வாகவும் நடக்கும்.

முதலில் அளக்க வேண்டியவை

வில்லின் லிம்பில் (வளையும் கரத்தில்) எழுதியிருக்கும் இழுவிசை 28 அங்குல இழுப்புக்கானது. இந்த 28 அங்குலம் கைப்பிடியின் ஆழமான புள்ளியிலிருந்து நாண் வரை உள்ள தூரத்தோடு 1¾ அங்குலம் சேர்த்த கணக்கு. உங்கள் இழுப்பு 26 என்றால் 45 பவுண்டு வில் உங்கள் விரலில் 40 அல்லது 41 பவுண்டுதான் தரும். ரிகர்வ் வில்லில் ஓர் அங்குலத்துக்கு இரண்டு முதல் இரண்டரை பவுண்டு மாறுவது வழக்கம். ஆனால் கணக்கை நம்பாமல் தராசை நம்புங்கள். தொங்கு தராசை நாணில் மாட்டி, உங்கள் இழுப்பு நீளம் வரை இழுத்து, அங்கே எத்தனை பவுண்டு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இழுப்பு நீளத்தைத் தனியாளாகத் துல்லியமாக அளப்பது கடினம். நீளமான ஒரு தண்டை நாணில் மாட்டி வழக்கமான நங்கூரப் புள்ளி (முழு இழுப்பில் கை வந்து நிற்கும் இடம்) வரை இழுத்து நில்லுங்கள். பக்கத்தில் நிற்கும் ஒருவர் ரைசரின் முன்விளிம்பில் தண்டின் மேல் கோடு போடட்டும். மூன்று நான்கு முறை செய்யுங்கள், கோடுகள் அரை அங்குலத்துக்குள் விழ வேண்டும். விழவில்லையென்றால் இழுப்பு இன்னும் நிலைபெறவில்லை என்று பொருள், அந்த நிலையில் எந்த அம்பும் சரியான தகவல் தராது. பழகத் தொடங்கிய சில மாதங்களில் தோளும் முதுகும் திறந்து இழுப்பு ஓர் அங்குலம் வரை கூடிவிடும். விலை உயர்ந்த தண்டுகளை அதுவரை தள்ளிப்போடுங்கள்.

அடுத்தது ரைசரின் வெட்டு. நாணை வில்லின் நடுக்கோட்டோடு ஒன்றாகப் பார்க்கும்படி பின்னால் நின்று கவனியுங்கள். அம்பு சாயும் பக்கத்தட்டு நடுக்கோட்டுக்கு எட்டாமல் நிற்கிறதா, கோட்டில் இருக்கிறதா, கோட்டைத் தாண்டி உள்ளே வெட்டப்பட்டிருக்கிறதா? எட்டாமல் நிற்கும் வில்லில் அம்பு அதிகம் சுற்றிப் போக வேண்டும், தளர்வான தண்டு கேட்கும். தாண்டி வெட்டிய வில் விறைப்பான தண்டையும் ஏற்கும், தேர்வில் தாராளமும் தரும். இன்றைய மரபு ரிகர்வ்களில் பெரும்பாலானவை நடுக்கோட்டிலோ அதைத் தாண்டியோ வெட்டப்பட்டவை.

நாணும் கணக்கில் உண்டு. டாக்ரான் நாண் இழுபடும், அடியை மெத்தென்று தரும். ஃபாஸ்ட் ஃப்ளைட் வகை நாண் இழுபடாததால் அம்புக்கு அதிக விசை போகிறது, அதே தண்டு மூன்று முதல் ஐந்து பவுண்டு தளர்வாக நடக்கும். பழைய வில்லில் லிம்ப் நுனிகள் அத்தகைய நாணுக்காக வலுவூட்டப்படாமல் இருந்தால் அதைக் கட்டவே கூடாது. நாணில் ஓசையடக்கிகள் கட்டினால் நாணின் எடை கூடி வேகம் குறையும், அம்பு கொஞ்சம் விறைப்பாக நடக்கும். இவற்றையெல்லாம் கட்டி முடித்த பிறகே சோதனையைத் தொடங்குங்கள்.

தொடக்க எண்

நடுக்கோட்டில் வெட்டிய ரிகர்வ், 29 அங்குலத்தை ஒட்டிய கார்பன் அம்பு, 125 கிரெய்ன் (சுமார் 8 கிராம்) முனை, விரலில் உண்மையாக வரும் இழுவிசை ஆகியவற்றுக்கு:

25 பவுண்டு: 1000 அல்லது 900
30 பவுண்டு: 800
35 பவுண்டு: 700
40 பவுண்டு: 600
45 பவுண்டு: 600 அல்லது 500
50 பவுண்டு: 500
55 பவுண்டு: 500 அல்லது 400
60 பவுண்டு: 400

இரண்டு எண் இருக்கும் இடத்தில், உங்கள் அம்பு நீளமாக இருக்கப்போகிறதென்றாலோ கனமான முனை போடப்போகிறீர்களென்றாலோ சிறிய எண்ணை எடுங்கள். குட்டையான இழுப்பு உள்ளவர்கள் பெரிய எண்ணை எடுக்கலாம். காம்பவுண்ட் வில்லுக்காக (கப்பிகள் வைத்த வில்) தயாரித்த அட்டவணையை இதற்குப் பார்க்காதீர்கள். அது ரிலீஸ் கருவியால் விடுபவர்களுக்கானது, நாண் பக்கவாட்டில் விலகுவதைக் கணக்கில் கொள்ளாதது. விரலால் விடுபவருக்கு மிக விறைப்பான தண்டையே சொல்லும்.

மரத்தண்டுக்குத் தொடக்கக் கணக்கு விரலில் வரும் பவுண்டிலிருந்து தொடங்குகிறது. அம்பு 28 அங்குலத்துக்கு மேல் ஓர் அங்குலம் கூடினால் 5 பவுண்டு கூட்டுங்கள், குறைந்தால் 5 கழியுங்கள். முனை 125 கிரெய்னுக்கு மேல் 25 கிரெய்ன் கூடும்போதெல்லாம் 3 முதல் 5 பவுண்டு கூட்டுங்கள். இழுபடாத நாணுக்கு 5, நடுக்கோட்டு வெட்டுக்கு 5, அதைத் தாண்டிய வெட்டுக்கு 10 வரை. ஓர் எடுத்துக்காட்டு: விரலில் 42 பவுண்டு, அம்பு 29 அங்குலம், 125 கிரெய்ன் முனை, டாக்ரான் நாண், நடுக்கோட்டு வெட்டு. 42 + 5 + 5 = 52. எனவே 50–55 பவுண்டுக் கட்டு. மேலே பார்த்த மாற்றுக்கணக்கில் 52 பவுண்டு மரம் 600 கார்பனுக்கு ஈடு, அட்டவணையும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. இப்படி இரண்டு வழியில் கணக்கிட்டு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

மரத்தில் இன்னொரு கட்டாயம் உண்டு. தண்டின் வெட்டுமுகத்தில் வளையக் கோடுகள் தெரியும். நாண் புகும் பிளவு அந்தக் கோடுகளுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். அப்போதுதான் விறைப்பான பக்கம் ரைசரை நோக்கி அமையும், எல்லா அம்புகளும் ஒரே மாதிரி வளையும். தண்டின் மேல்புறத்தில் இழை ஓடி முடியும் இடங்கள் கூர்மையான வி வடிவில் தெரியும். அந்தக் கூர்கள் முனைப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். தண்டு எப்போதாவது முறிந்தால் சிராய் வில் பிடித்த கைக்குள் இறங்காமல் மேலே விலக இதுவே காப்பு.

எடையையும் பார்த்துக்கொள்ளுங்கள்

விறைப்புக்காக மட்டும் தண்டு தேர்ந்தெடுத்துவிட்டு அம்பு மிக இலேசாகிவிட்டால் வில்லுக்குத்தான் கேடு. மரபு ரிகர்வுக்கு ஒரு பவுண்டு இழுவிசைக்கு 8 கிரெய்ன் என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள், 9 அல்லது 10 என்றால் வில் அமைதியாக எய்யும். வில் செய்தவர் அதிகம் கேட்டிருந்தால் அவர் சொன்னதே சட்டம்.

42 பவுண்டு வில்லுக்கு ஒரு கணக்கு: அங்குலத்துக்கு 8 கிரெய்ன் எடையுள்ள தண்டு 29½ அங்குலத்துக்கு 236, உட்செருகி (முனையைத் திருகத் தண்டுக்குள் வைக்கும் துண்டு) 15, நாக் (நாணில் மாட்டும் பின்நுனித் துண்டு) 10, மூன்று இறகும் பசையும் 10, முனை 150. மொத்தம் 421 கிரெய்ன், பவுண்டுக்குப் பத்து. ஒரு கிராம் 15.43 கிரெய்ன் என்பதால் சமையலறைத் தராசில் அளந்தும் பெருக்கிக்கொள்ளலாம், பத்தில் ஒரு கிராம் காட்டும் தராசாக இருந்தால் போதும்.

முன்பாரத்தையும், அதாவது அம்பின் எடை முனைப்பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதையும், இப்போதே பார்த்துவிடலாம். முடித்த அம்பை விரல்மேல் சமநிலைப்படுத்தி, நாக்கின் பிளவிலிருந்து அந்தப் புள்ளி வரை அளக்க வேண்டும். நீளத்தில் பாதியைக் கழித்து, மீதியை நீளத்தால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். 29 அங்குல அம்பு 18.2-இல் நின்றால் 3.7 ÷ 29, அதாவது 12.8 சதவீதம். 10 முதல் 15 வரை நல்ல இடம்.

இறகில்லா அம்பால் சோதித்தல்

இறகு தவற்றை மறைக்கும். வால் எந்தப் பக்கம் போனாலும் இழுத்து நேராக்கிவிடும். அதனால் விறைப்பை அறிய இறகில்லாத தண்டுதான் வேண்டும். தண்டை முழு நீளத்தில் வைத்து, நாக் மாட்டி, முனையைக் குறைந்த சூட்டில் உருகும் பசைக்குச்சியால் ஒட்டுங்கள், பின்னால் கழற்றி மாற்ற வசதியாக இருக்கும். கார்பனை நெருப்பில் நேரடியாகக் காட்டக் கூடாது. முனையைச் சூடாக்கிப் பசையைத் தடவிச் செருகுங்கள். பின்நுனியில் இறகுகளின் எடைக்கு ஈடாக மின்கம்பி நாடாவைச் சுற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால், பிறகு இறகு ஒட்டியதும் பின்பக்கம் பாரம் கூடி அம்பு கொஞ்சம் விறைப்பாக நடந்து சோதனையைப் பொய்யாக்கும்.

நாக் நாணில் பொருந்தும் விதத்தையும் சோதியுங்கள். தண்டை நாணில் மாட்டித் தொங்கவிட்டால் தானாக விழக் கூடாது, நாணை விரலால் இலேசாகத் தட்டினால் விழ வேண்டும். இறுக்கமான நாக் அம்பைப் பிடித்து இழுத்து, எந்தத் தண்டையும் தவறானது போலக் காட்டும்.

முதலில் மேல் கீழைச் சரிசெய்ய வேண்டும். ஷெல்ஃபிலிருந்து (ரைசரில் அம்பு கிடக்கும் மேடை) நேரடியாக எய்பவர்கள் நாக்கிங் பாயிண்டை (நாணில் அம்பு மாட்டும் இடத்தின் குறி), ஷெல்ஃபிலிருந்து நாணுக்குச் செங்குத்தாகப் போகும் சதுரக்கோட்டுக்கு அரை அங்குலம் மேலே வைத்துத் தொடங்கலாம். ஐந்து மீட்டரில் மூன்று அம்பு எய்யுங்கள். வால் மேலே தூக்கி நின்றால், அல்லது இறகில்லா அம்பு இறகுள்ளதற்குக் கீழே விழுந்தால், நாக்கிங் பாயிண்ட் உயரத்தில் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் இறக்கி மறுபடி பாருங்கள். வால் தாழ்ந்திருந்தால் உயர்த்துங்கள். ஆனால் ஷெல்ஃபில் மோதித் துள்ளும் அம்பும் வாலைத் தூக்கிக் காட்டும், அங்கே பாயிண்ட் மிகத் தாழ்வாக இருப்பதுதான் உண்மையான காரணம். எனவே உயரத்தில் தொடங்கி இறங்கிவருவதே பாதுகாப்பான வழி. இடம் வலத்தைப் படிக்கத் தொடங்குவது இதன் பிறகுதான்.

பத்து மீட்டருக்கு நகருங்கள். இறகுள்ள அம்பு மூன்று, இறகில்லா அம்பு மூன்று, ஒரே புள்ளியைக் குறிவைத்து எய்யுங்கள். ஒற்றை அம்பைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, கூட்டத்தின் நடுவை மட்டும் பாருங்கள். இறகில்லாக் கூட்டம் இடப்பக்கம் விழுந்தால் விறைப்பு அதிகம், வலப்பக்கம் விழுந்தால் தளர்வு அதிகம். தண்டு சாய்ந்து நிற்கும் கோணமும் சொல்லும்: வால் வலப்பக்கம் சாய்ந்தால் விறைப்பு, இடப்பக்கம் சாய்ந்தால் தளர்வு. ஆனால் அடர்த்தி சீராக இல்லாத இலக்கு தண்டைத் திருப்பிவிடும். கோணமும் விழுந்த இடமும் முரண்பட்டால் விழுந்த இடத்தை நம்புங்கள்.

நாங்கள் சொன்னபடி தளர்வான பக்கம் தொடங்கியிருந்தால் இப்போது வலப்பக்கம் விழும். தண்டைக் கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டர் வெட்டுங்கள். இறகு இன்னும் ஒட்டவில்லை என்பதால் நாக்கைக் கழற்றிப் பின்பக்கம் வெட்டுவது எளிது, முனையைத் தொட வேண்டியதில்லை. மறுபடி மூன்று மூன்றாக எய்யுங்கள். கூட்டம் நடுவை நெருங்கும்போது வெட்டை 3 மில்லிமீட்டராகக் குறையுங்கள். கடைசி அரை அங்குலத்தில் வேறுபாடு வேகமாகத் தெரியும், அவசரப்பட்டால் தாண்டிவிடுவீர்கள். முழு இழுப்பில் தண்டின் முன்நுனி ரைசருக்கு ஓர் அங்குலமாவது வெளியே இருக்க வேண்டும். அந்த எல்லை வந்த பிறகும் தளர்வாகவே நடந்தால் வெட்டுவதை நிறுத்துங்கள். அடுத்த விறைப்பான எண் தேவை, அல்லது முனையை 25 கிரெய்ன் குறைக்க வேண்டும்.

பத்து மீட்டரில் இரண்டு கூட்டமும் ஒன்றாக விழுந்ததும் பதினெட்டு மீட்டருக்குப் போங்கள். அங்கே இறகில்லா அம்புகள் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் வந்தால் போதும். அதற்கு மேல் துல்லியம் தேடினால் நீங்கள் அளப்பது தண்டை அல்ல, அன்றைய கைவிடுதலை.

கார்பன் வெட்டும்போது வேகமாகச் சுழலும் உரசு வட்டு ரம்பம் மட்டும் பயன்படுத்துங்கள். குழாய் வெட்டியும் இரும்பறுக்கும் ரம்பமும் இழைகளைப் பிளந்துவிடும். முகமூடி அணிந்து, தூசியை ஈரத்துணியால் துடையுங்கள். வெட்டிய தண்டை ஒவ்வொரு முறை எய்யும் முன்னும் இரு கையால் பிடித்து முகத்தைவிட்டு விலக்கி வளைத்துப் பாருங்கள். சிறு முறியோசை கேட்டாலோ விரிசல் தெரிந்தாலோ அதை உடைத்துப் போடுங்கள். விரிசல் விட்ட கார்பன் தண்டு எய்யும்போது சிதறிக் கையைக் கிழிக்கும்.

விறைப்பாகிப்போன தண்டை என்ன செய்வது

முனையை 125-லிருந்து 150, 175 என ஏற்றிப் பார்க்கலாம். திருகும் முனைகளைச் சில எடைகளில் வைத்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். 50 அல்லது 100 கிரெய்ன் பித்தளை உட்செருகியும் இதே வேலையைச் செய்யும். இன்னொரு வழி பக்கத்தட்டு. பக்கத்தட்டைத் தடிப்பாக்கினால் வில் தளர்வான தண்டைக் கேட்கும், மெல்லியதாக்கினால் விறைப்பானதை ஏற்கும். தட்டின் தோலுக்கு அடியில் ஒரு மில்லிமீட்டர் கூட்டுவதும் குறைப்பதும் நுண்திருத்தமாக நன்றாக உதவும். ஒரு முழு எண் தவறிய தண்டை இது காப்பாற்றாது.

பிரேஸ் உயரத்தை (இழுக்காத நாணுக்கும் கைப்பிடிக்கும் இடையே உள்ள தூரம்) விறைப்புத் திருத்தமாகப் பயன்படுத்துவதை நாங்கள் விரும்பவில்லை. வில் செய்தவர் சொன்ன வரம்புக்குள் வில் அமைதியாக எய்யும் உயரத்தைத் தேர்ந்து, அளந்து எழுதி வைத்து, சோதனை முடியும் வரை அதைத் தொடாதீர்கள். புது நாண் முதல் சில நாட்களில் நீண்டு உயரம் இறங்கும், ஒவ்வொரு முறையும் அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஏமாற்றும் தடயங்கள்

மிகவும் குழப்புவது பொய்த்தளர்வு. தண்டு உண்மையில் மிக விறைப்பானது. வளையாமல் ரைசரில் மோதி, வால் இடப்பக்கம் எகிறி, முனை வலப்பக்கம் திரும்புகிறது. பார்ப்பவர் தளர்வு என்று எண்ணி வெட்டுகிறார், இன்னும் விறைப்பாகிறது, இன்னும் மோசமாகிறது. வெட்ட வெட்ட வலப்பக்க விலகல் குறையாமல் கூடினால் இதையே சந்தேகியுங்கள். பக்கத்தட்டிலும் ஷெல்ஃபிலும் முகப்பவுடர் தூவி எய்து பாருங்கள், எங்கே உரசுகிறது என்று கோடு தெரியும். எய்யும்போது டக்கென்று மரத்தில் தட்டும் ஓசையும், ஒரே பக்க இறகு மட்டும் தேய்வதும் இதன் அடையாளங்கள். முனையில் 50 கிரெய்ன் ஏற்றிப் பாருங்கள். விலகல் குறைந்தால் அது பொய்த்தளர்வு. முழு நீளத் தளர்வான தண்டில் தொடங்கும்படி சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

விடும் கை வெளியே வீசினால் நாண் அளவுக்கு மீறிப் பக்கவாட்டில் ஓடும், அதே தண்டு ஒருமுறை இடம் ஒருமுறை வலம் விழும். இழுப்பு கடைசி நொடியில் முன்னே சரிந்தால் விசை குறைந்து அம்பு விறைப்பாக நடக்கும். களைத்த பிறகு வரும் முடிவுகள் பெரும்பாலும் இந்த வகை. முப்பது நாற்பது அம்புக்கு மேல் ஒரே அமர்வில் சோதனையை நீட்டாமல், மறுநாள் கை புத்துணர்வோடு இருக்கும்போது உறுதிசெய்யுங்கள். இரண்டு நாளும் ஒரே முடிவு வந்தால் மட்டும் தண்டை வெட்டுங்கள்.

இறகு ஒட்டிய பிறகு டஜனில் ஓர் அம்பு மட்டும் எப்போதும் கூட்டத்தை விட்டு விலகினால், நாக்கை மூன்றில் ஒரு பங்கு சுற்றித் திருப்பி மறுபடி எய்யுங்கள். தண்டின் விறைப்பான பக்கம் மற்றவற்றோடு ஒத்துவந்ததும் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். மரத்தண்டில் இப்படித் திருப்ப முடியாது, அதனால் வாங்கும்போதே ஸ்பைன் 5 பவுண்டுக்குள்ளும் எடை 10 கிரெய்னுக்குள்ளும் பொருந்திய கட்டைக் கேளுங்கள். ஷெல்ஃபில் எய்பவர்கள் இறகுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தகடுகளான வேன்களை ஒட்டக் கூடாது. உரசும்போது இறகு மடங்கிக்கொடுக்கும், வேன் கொடுக்காது, சரியான விறைப்புள்ள அம்பையும் வேன் தூக்கி எறியும்.

எல்லாம் பொருந்தியதும் ஒரு தாளில் இவற்றை எழுதி வில்லோடு வையுங்கள்: விரலில் வரும் பவுண்டு, இழுப்பு நீளம், பிரேஸ் உயரம், நாக்கிங் பாயிண்டின் உயரம், நாணின் வகையும் இழைகளின் எண்ணிக்கையும், பக்கத்தட்டின் தடிமன், தண்டின் பெயரும் எண்ணும், நாக்கின் பிளவிலிருந்து தண்டு முடியும் இடம் வரையான நீளம், உட்செருகி, முனை, மொத்த அம்பு ஆகியவற்றின் எடை. அடுத்த டஜனை இந்த அளவில் வெட்டித் தரச் சொல்லலாம். வேறு நிறுவனத்தின் தண்டுக்கு மாறினால், எண் ஒன்றாக இருந்தாலும் அங்குலத்துக்கான எடை வேறாக இருக்கலாம் என்பதால், முழு நீளத்தில் ஒன்று வாங்கி இறகில்லாமல் எய்து பார்த்த பிறகே மற்றவற்றை வெட்டுங்கள்.